எந்தத் தோட்டத்துப் பெண்?

(கம்போங் மேடானில் நடைபெற்ற ஆண்டு பரிசளிப்பு விழாவில் ஒரு தோட்டப் பள்ளி ஆசிரியை ஆற்றிய உரை. மலருக்காக அவரே எழுதித் தந்தது.)



நான் மேடைப் பேச்சாளர் அல்ல. தோட்டப் பள்ளி ஒன்றில் பாடம் சொல்லிக் கொடுப்பவள். ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் ஒன்றைத் தவிர வேறு பட்டம் எதுவும் என் பெயருக்குப் பின்னால் இல்லை. விழாவில் நான் பேசியது கால் மணி நேரம்தான். கீழே இறங்கியதும் தலைமையாசிரியர், “டீச்சர், சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்திடுங்க, மலரில் போட்டுடலாம்” என்றார். அப்படியே எழுத வரவில்லை. சொல்ல மறந்ததையும், சொல்லத் தயங்கியதையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன். பொறுத்தருள வேண்டும்.

அன்று பரிசு மேசையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எந்தப் பள்ளி விழாவுக்குப் போனாலும் எனக்கு இந்தப் பழக்கம் உண்டு. முதலில் கல்விக்கான பரிசுகள். பிறகு பேச்சுப் போட்டி, கையெழுத்துப் போட்டி, கோலப் போட்டி. மேசையின் ஓரத்தில்தான் விளையாட்டுக் கிண்ணங்கள் இருக்கும். அவற்றை வாங்க மேடை ஏறுகிறவர்களை எண்ணிப் பாருங்கள். ஒன்றாம், இரண்டாம் ஆண்டுகளில் ஆணும் பெண்ணும் சரிபாதி. நான்காம் ஆண்டில் பெண்கள் குறைவார்கள். ஆறாம் ஆண்டில் இன்னும் குறைவார்கள். இடைநிலைப் பள்ளிக்குப் போனபின் அந்தப் பெண்கள் எங்கே போனார்கள் என்றே தெரியாது. நான் பேச வந்தது அவர்களைப் பற்றித்தான்.

பேச்சு எப்படித் தொடங்கியது என்றால், என் வகுப்பு மாணவி ஒருத்தி கேட்ட கேள்வியால். தொலைக்காட்சியில் ரக்பி ஆட்டம் பார்த்திருக்கிறாள். “டீச்சர், ரக்பியில பொம்பளைங்களும் ஆடுவாங்களா? கீழ தள்ளி உருளுறாங்களே, அடிபடாதா?” என்று கேட்டாள். “ஆடுவார்கள் அம்மா” என்று சொல்லிவிட்டு, எனக்கே சரியாகத் தெரியாததால் வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்தேன்.

ரக்பியில் ‘ரக்பி லீக்’ என்று ஒரு வகை இருக்கிறது. பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவரை எதிரணியினர் பிடித்துக் கீழே சாய்ப்பார்கள். ஆறு முறை பிடிபட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். நம் சடுகுடுவைக் கொஞ்சம் நீட்டி, கையில் ஒரு பந்தைக் கொடுத்தது போல என்று என் மாணவர்களுக்குச் சொன்னேன். உடனே புரிந்துகொண்டார்கள்.

ஆட்டத்தைவிட அது பிறந்த கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. 1895-ஆம் ஆண்டு வட இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் ஒரு ஓட்டலில் சில மன்றத்தார் கூடினார்கள். அவர்களுடைய ஆட்டக்காரர்கள் பலர் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்த தொழிலாளிகள். சனிக்கிழமை ஆடப் போனால் அன்றைய கூலி போச்சு. அந்தக் கூலியை ஈடுகட்டக் கூடாது என்று மேலிடத்தில் இருந்த பெரிய மனிதர்கள் சொன்னார்கள். ‘விளையாட்டு என்பது பொழுதுபோக்கு, அதற்குக் காசா?’ என்பது அவர்கள் வாதம். வசதி உள்ளவர்களுக்கு அது சரி. கூலிக்காரர்களுக்கு எப்படிச் சரியாகும்? இவர்கள் பிரிந்து வந்து தனிச் சங்கம் வைத்தார்கள். அதுதான் பிற்பாடு ரக்பி லீக் ஆனது.

பெரட்டுக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்ற சட்டத்தில் வளர்ந்தவர்கள் நாம். நமக்கு இந்தக் கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த விளையாட்டு பெண்களிடம் வந்து சேர இன்னும் எத்தனையோ காலம் பிடித்தது. ஆஸ்திரேலியாவில் பெண்களுக்கான தேசிய லீக் 2018-ல்தான் தொடங்கியது, அதுவும் நான்கே அணிகளுடன். ஆட்டக்காரிகள் பலர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்குப் போனவர்கள். 2025-ல் அங்கே பன்னிரண்டு அணிகள். 2022-ல் மான்செஸ்டர் நகரின் ஓல்டு டிராஃபோர்டு அரங்கத்தில் ஆண்களின் உலகக் கிண்ண இறுதி ஆட்டம் நடந்த அதே நாளில், அதே திடலில், பெண்களின் இறுதி ஆட்டமும் நடந்தது. ஆஸ்திரேலியப் பெண்கள் நியூசிலாந்தை 54-4 என்று வென்றார்கள்.

இதையெல்லாம் சொன்னதும் அந்த மாணவி, “அது வெள்ளைக்காரங்க ஊரு டீச்சர். நம்ம ஊர்ல?” என்றாள்.

நம்ம ஊர்ல. அந்த ஒரு சொல்லுக்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவும்.

கம்போங் மேடானிலிருந்து கொஞ்ச தூரம் போனால் கம்போங் டத்தோ ஹருண் ரயில் நிலையம். அங்கே கொமுட்டரில் ஏறி உட்கார்ந்தால், சுபாங் ஜெயா, பத்து தீகா, ஷா ஆலாம், பாடாங் ஜாவா என்று கடந்து கிள்ளானில் இறங்கலாம். நம்மில் பலர் துணி எடுக்கவும், தைப்பூசத்துக்குப் பூசாமான் வாங்கவும் போகிற ஊர்தான். அந்தக் கிள்ளானில் 1998-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெயர் தினா முரளிதரன். இன்று உலகின் எந்தப் பூப்பந்து அரங்கத்திலும் அந்தப் பெயரைத் தெரியாதவர்கள் இல்லை.

தமிழர்களுக்குப் பூப்பந்து புதிதல்ல. பெரியவர்களுக்கு பஞ்ச் குணாளனை நினைவிருக்கும். 1970-ல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஒற்றையர் தங்கம், 1971-ல் இங் பூன் பீயுடன் சேர்ந்து அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டம், 1974-ல் கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் போட்டியில் ஒற்றையர் தங்கம். என் அப்பா அவர் பெயரைச் சொல்லும்போது நிமிர்ந்து உட்கார்ந்து சொல்வார். ஓட்டத்திலும் நமக்கு ஒரு பெண் உண்டு. மேரி ராஜமணி 1964-ல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 1966-ல் பாங்காக்கில் 400 மீட்டரில் ஆசியத் தங்கம் வாங்கினார். நாட்டின் சிறந்த விளையாட்டு வீராங்கனை விருது தொடங்கப்பட்டபோது அதை முதலில் பெற்றவர் அவரே. ஆக, வழி இல்லாமல் இல்லை. போட்ட வழியில் நம் பெண்கள் போதுமான அளவு நடக்கவில்லை, அல்லது நாம் நடக்க விடவில்லை.

தினா ஆடுவது இரட்டையர் ஆட்டம். கூட ஆடுபவர் கெடாவைச் சேர்ந்த பெர்லி டான். இருவரும் 2020-ஆம் ஆண்டுவாக்கில் ஜோடி சேர்ந்தார்கள். இரட்டையர் ஆட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் நுணுக்கம் தெரியும். தாக்கும்போது ஒருவர் முன்னே வலையருகில், ஒருவர் பின்னே. தடுக்கும்போது இருவரும் பக்கத்துப் பக்கத்தில். ஒரு பந்துக்குள் இந்த இடமாற்றம் பல முறை நடக்கும். யார் எங்கே என்று திரும்பிப் பார்க்க நேரமிருக்காது. பெர்லியின் அடி வேகத்துக்குப் பெயர் பெற்றது. 2023 ஏப்ரலில் ஜப்பானில் அளந்தபோது மணிக்கு 438 கிலோமீட்டர் என்று காட்டியது, பெண்களில் அதுவே கின்னஸ் சாதனை. ஆனால் அப்படி அடிப்பதற்கு வாகாகப் பந்து மேலே எழும்பி வர வேண்டுமே! அதை எழுப்ப வைப்பது முன்னால் நிற்பவரின் வேலை. எதிரி உயர்த்திக் கொடுக்கும்படி வலையோரம் அடக்கி வாசிக்க வேண்டும். கைதட்டல் பின்னால் இருந்து அடித்தவருக்குப் போகும். முன்னால் நின்றவர் அதைப் பற்றிக் கவலைப்படக் கூடாது. ஒரு கை தட்டினால் ஓசை வராது என்று நாம் பழமொழி சொல்கிறோம். அவர்கள் அதை ஆடிக் காட்டுகிறார்கள்.

2021 மார்ச்சில் சுவிட்சர்லாந்துப் பொதுப் போட்டியில் வென்றார்கள். நோய்த்தொற்றுக் காலம் அது. அதே ஆண்டு தோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தபோது இவர்கள் போகவில்லை, மலேசியாவின் சார்பில் வேறொரு ஜோடி போனது. காத்திருந்தார்கள்.

2022 ஆகஸ்டில் பர்மிங்ஹாம் காமன்வெல்த் விளையாட்டு. கலப்புக் குழுப் போட்டியின் இறுதியில் மலேசியா இந்தியாவை 3-1 என்று வென்றது. அந்த மூன்றாவது புள்ளியைக் கொண்டு வந்தவர்கள் இந்த இரு பெண்கள்தான். சில நாள் கழித்து இரட்டையர் இறுதியில் இங்கிலாந்து ஜோடியை அவர்கள் மண்ணிலேயே 21-5, 21-8 என்று வென்று இரண்டாவது தங்கமும் பெற்றார்கள். அக்டோபரில் பாரிஸில் பிரெஞ்சுப் பொதுப் போட்டியிலும் பட்டம் வென்றார்கள்.

இத்துடன் கதை முடிந்திருந்தால் இனிப்பாக இருந்திருக்கும். ஆனால் விளையாட்டுக்காரர் வாழ்க்கை அப்படி ஓடுவதில்லை. அந்தப் பட்டத்துக்குப் பிறகு அடுத்த பட்டத்துக்கு 2025 மே மாதம் தாய்லாந்து வரை காத்திருந்தார்கள். இரண்டரை ஆண்டு! அந்த இரண்டரை ஆண்டும் காலையில் எழுந்து பயிற்சிக்குப் போயிருப்பார்கள். இறுதி ஆட்டம் வரை வந்து தோற்ற நாட்களும் அதில் உண்டு.

இடையில்தான் 2024 பாரிஸ் ஒலிம்பிக். மலேசியாவின் பெண்கள் இரட்டையர் ஜோடி எதுவும் அதற்கு முன் ஒலிம்பிக்கில் அரையிறுதிக்கு வந்ததில்லை. இவர்கள் வந்தார்கள். அரையிறுதியில் சீனாவின் லியு ஷெங்ஷு - டான் நிங் ஜோடியிடம் தோற்றார்கள். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஜப்பானிய ஜோடி 21-11, 21-11 என்று வென்றுவிட்டது. நான்காவது இடம்.

நான்காவது இடம் என்றால் என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒலிம்பிக்கில் பதக்கம் பெறும் மலேசியருக்கு அரசாங்கம் ஆயுள் முழுதும் மாதந்தோறும் உதவித்தொகை தருகிறது. தங்கத்துக்கு 5,000 வெள்ளி, வெள்ளிப் பதக்கத்துக்கு 3,000, வெண்கலத்துக்கு 2,000. நான்காவது இடத்துக்கு அந்தத் திட்டத்தில் ஒன்றும் இல்லை. ஒரே ஓர் ஆட்டத்தில் நின்றது அவ்வளவும். ‘விளையாட்டுதானே’ என்று நாம் லேசாகச் சொல்லிவிடுகிறோம்.

அடுத்த ஆண்டு தொடக்கத்தில் சங்கத்துடனான ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது இழுத்துக்கொண்டே போனதாக நாளேடுகளில் படித்தோம். பின்னர் அது தீர்ந்தது. நாம் வெளியே இருப்பவர்கள், யார் பக்கம் சரி என்று பேச வரவில்லை. ஆனால் தங்கள் உழைப்புக்கு என்ன விலை என்று இரண்டு இளம்பெண்கள் உட்கார்ந்து பேசினார்கள் அல்லவா, அதை என் மாணவிகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். 1895-ல் ஹடர்ஸ்ஃபீல்டில் அந்தத் தொழிலாளிகளுக்காகக் கேட்ட கேள்வியும் அதுதான்.

பிறகு 2025 ஆகஸ்டு 31. நம் சுதந்திர நாள். மீண்டும் பாரிஸ். ஒலிம்பிக்கில் தோற்ற அதே அரங்கம். உலக வெற்றியாளர் போட்டியின் இறுதி ஆட்டம். எதிரே அதே லியு ஷெங்ஷு - டான் நிங். முதல் செட் 14-21 என்று போனது. இரண்டாவது செட்டை விடாமல் பிடித்து 22-20 என்று எடுத்தார்கள். மூன்றாவதில் 17-21. தோல்விதான். ஆனால் உலக வெற்றியாளர் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வாங்கிய முதல் மலேசியப் பெண்கள் ஜோடி என்று வரலாற்றில் எழுதப்பட்டுவிட்டது. கிள்ளான் பெண் ஒருத்தி!

இனி நான் மேடையில் சொல்லத் தயங்கிய விஷயத்துக்கு வருகிறேன்.

தினாவின் வயதையொத்த இன்னொரு பெண் எஸ். கிசோனா. சிரம்பானைச் சேர்ந்தவர், ஒற்றையர் ஆட்டக்காரி. 2019-ல் பிலிப்பீன்ஸில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றவர். 2021 அக்டோபரில் பின்லாந்தில் சுடிர்மான் கிண்ண அரையிறுதியில் மலேசியா ஜப்பானைச் சந்தித்தது. கிசோனாவுக்கு எதிரே அகானே யாமாகுச்சி, அந்த ஆண்டின் இறுதியிலேயே உலக வெற்றியாளர் ஆனவர். கிசோனா தோற்றார். உலக வெற்றியாளர் ஆகப்போகிறவரிடம் தோற்பது குற்றமா?

அதற்காக ஓர் அரசியல் கட்சிக்காரர் சமூக ஊடகத்தில் அந்தப் பெண்ணின் இனத்தைச் சொல்லி இழிவாக எழுதினார். எந்த எஸ்டேட்டில் இருந்து இவளைப் பிடித்து வந்தார்களோ என்ற பொருள்படவும் எழுதினார். நாடே கொதித்தது. எல்லா இனத்தவரும் கண்டித்தார்கள். அவரும் மன்னிப்புக் கேட்டார். அத்துடன் அந்த விவகாரத்தை விட்டுவிடலாம்.

ஆனால் அந்தச் சொல் என்னை விடவில்லை. எந்த எஸ்டேட்? நான் எஸ்டேட்டில் பிறந்தவள். லயத்து வீட்டில் வளர்ந்தவள். இன்றும் எஸ்டேட் பள்ளியில் சம்பளம் வாங்குகிறவள். இதை வாசிக்கும் உங்களில் பலருக்கும் அப்பாவோ தாத்தாவோ பால் மரம் வெட்டியவர்களாக இருப்பார்கள். தோட்டம் துண்டாடப்பட்டபின் மூட்டை கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் வந்து, பலகை வீட்டிலும் பிறகு அடுக்குமாடியிலும் குடியேறியவர்கள். அந்தச் சொல் கிசோனாவை மட்டும் சொன்னதல்ல.

அன்று இரவு எனக்கு வந்த கோபத்தைவிட, பின்னால் வந்த எண்ணம்தான் பெரிது. ‘எஸ்டேட்டில் இருந்து பிடித்து வந்தார்களா?’ என்று அந்த மனிதர் கேட்டார். உண்மையில் யாராவது எஸ்டேட்டுக்கு வந்து, அங்கே இருக்கும் பெண்களைத் தேடிப் பிடித்துப் போயிருக்கிறார்களா? இல்லை, நாமாவது அனுப்பி வைத்திருக்கிறோமா?

என் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், பள்ளி வேண்டாம்.

பத்து ஆண்டுக்கு முன் என் வகுப்பில் ஒரு மாணவி. ஆறாம் ஆண்டு. காலில் சப்பாத்து இல்லாமல் ஓடினாலே பையன்கள் பின்னால் நிற்பார்கள். மாவட்டப் போட்டிக்குத் தேர்வானாள். வாரம் மூன்று நாள் பிற்பகலில் பட்டணத்தில் பயிற்சி. யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்த காலம் அது. அவள் அம்மா செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர். வேலை உடுப்போடு பள்ளி வாசலுக்கு வந்து நின்றார்.

“டீச்சர், எனக்கு என்னா தெரியும். நீங்க படிச்சவங்க. அனுப்பவா வேணாமா, நீங்களே சொல்லிடுங்க.”

நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. “இப்ப ஓட்டம் எதுக்கும்மா? பரீட்சை முடியட்டும். ஓடி என்னா செய்யப் போறா? படிக்கட்டும்” என்றேன்.

“சரி டீச்சர்” என்று போய்விட்டார். அந்தப் பெண் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள் வழக்கம்போல் வந்து முன் வரிசையில் உட்கார்ந்தாள். தேர்வில் சுமாராகத் தேறினாள். இடைநிலைப் பள்ளிக்குப் போனாள், நடுவிலே நின்றுவிட்டாள். இரண்டு ஆண்டுக்கு முன் ஓர் எண்ணெய் நிலையத்தில் பணம் கட்டப் போனபோது உள்ளே கல்லாவில் நின்றாள். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு. மீதிச் சில்லறையைக் கையில் வைத்துவிட்டு, “டீச்சர், நான் நல்லா ஓடுனேன்தானே?” என்று கேட்டாள்.

“நல்லா ஓடுனே அம்மா” என்றேன். வேறு சொல்ல வரவில்லை.

ஓடியிருந்தால் அவள் இன்னொரு ராஜமணி ஆகியிருப்பாள் என்று நான் சொல்ல மாட்டேன். ஆயிரத்தில் ஒருவர்தான் அந்த இடத்துக்குப் போகிறார்கள். படிப்பை விட்டுவிட்டு ஓடுங்கள் என்றும் சொல்ல மாட்டேன். நான் ஆசிரியை, அப்படிச் சொன்னால் என் நாக்கு அழுகிப் போகும். ஆனால் தனக்கு எவ்வளவு வேகம் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அவளுக்கு ஒரே ஒரு முறை வந்தது. அந்தக் கதவை நான் சாத்தினேன். படிப்புக்காகச் சாத்தினேன், படிப்பும் அவளுக்குக் கிடைக்கவில்லை. தன் கையில் இருந்த ஒரு திறமைக்காகத்தான் அவள் காலையில் பள்ளிக்கு ஓடி வந்தாளோ என்னவோ. அதைப் பிடுங்கியபின் பள்ளியில் அவளுக்கு என்ன இருந்தது?

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கூடத்தின் மேல் குறை சொல்ல வரவில்லை. எனக்குத்தான் தெரியவில்லை.

அதனால், வாசகர்களே, தெரிந்துகொண்டவற்றை உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

ஒன்று. பள்ளி விளையாட்டில் ஏணி ஒன்று இருக்கிறது. பள்ளி, மாவட்டம், மாநிலம், தேசியம் என்று படிகள். எம்.எஸ்.எஸ்.டி., எம்.எஸ்.எஸ்.எஸ்., எம்.எஸ்.எஸ்.எம். என்று ஆசிரியர்கள் பேசிக்கொள்வது இதைத்தான். பிள்ளைக்குக் கடிதம் வந்தால் அதை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். எந்தப் படிக்கான கடிதம் என்று கேளுங்கள். இந்தக் கம்போங் மேடானிலிருந்து அதிக தூரம் இல்லாத புக்கிட் ஜாலிலில் அரசாங்க விளையாட்டுப் பள்ளி ஒன்று இருக்கிறது. முதலாம் படிவத்திலிருந்தே தங்கிப் படித்துப் பயிற்சி பெறலாம், தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் அவ்வளவுதான். படிப்பா விளையாட்டா என்று ஒன்றைக் கைவிடத் தேவையில்லாத இடம் அது. பத்து ஆண்டுக்கு முன் அந்த அம்மாவிடம் இதை நான் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டு. பிள்ளை பெரியவளானதும் ‘இனி திடலுக்குப் போக வேண்டாம்’ என்று நிறுத்துகிறோம். சடங்குப் படம் சுவரில் ஏறும், ஓட்டச் சப்பாத்து வெளியே போகும். அம்மாமாரின் பயம் எனக்குப் புரிகிறது. இருட்டுக்குள் எப்படி வீடு திரும்புவாள், அரைக்கால் சட்டையில் ஊர் என்ன சொல்லும் என்பதுதானே? இதற்கெல்லாம் வழி உண்டு. முழுக்கால் உடுப்பிலும் ஆடலாம். மூன்று நான்கு பெற்றோர் சேர்ந்து முறை வைத்து அழைத்து வரலாம். பெண் ஆசிரியை ஒருவர் கூடவே போகலாம். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பேச வேண்டியது இதுதான்.

மூன்று. காசு. நல்ல இறகுப் பந்து ஒரு குழாயில் பன்னிரண்டு இருக்கும், இன்று விலை நூறு வெள்ளியையும் தாண்டுகிறது. கடுமையாக ஆடினால் ஓர் ஆட்டத்திலேயே பல பந்துகள் பாழாகும். அடுக்குமாடிக் குடும்பத்துக்கு இது தாங்காது. ஆகவே தொடக்கத்தில் நைலான் பந்து போதும். பழைய மட்டை போதும். பள்ளி மண்டபத்தில் மாலை ஐந்து மணிக்கு விளக்கு எரிய வேண்டும், அது முக்கியம். விழாவுக்கு வரும் நன்கொடையாளர்கள் கிண்ணம் வாங்கித் தருகிறார்கள், மெத்த மகிழ்ச்சி. கிண்ணத்தோடு இரண்டு குழாய் பந்தும் வாங்கித் தந்தால் இன்னும் மகிழ்ச்சி.

நான்கு. இது ஆசிரியர்களுக்கு, முதலில் எனக்கு. உடற்கல்வி நேரத்தைக் கணிதத்துக்கு எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை விட வேண்டும். குறும்பு செய்தால் “திடலுக்குப் போகாதே” என்று தண்டிப்பதையும் விட வேண்டும். கணக்குப் போடாத பிள்ளைக்குக் கணக்கைத் தடை செய்கிறோமா என்ன?

முடிப்பதற்கு முன் இந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. 2001 மார்ச்சில் கம்போங் மேடான் என்ற பெயர் நாடு முழுக்கக் கெட்ட செய்தியாகப் போனது. நடந்த கலவரத்தில் ஆறு உயிர்கள் போயின. நான் அப்போது தோட்டத்தில் சிறுமி. அம்மா வானொலியை நிறுத்திவிட்டு எங்களை உள்ளே அழைத்தது நினைவிருக்கிறது. இன்று இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லா இனத்தவரும் ஒரே நடைபாதையில் பள்ளிக்குப் போவதை என் கண்ணால் பார்த்தேன். கிள்ளான் தமிழ்ப் பெண்ணும் கெடா சீனப் பெண்ணும் ஒரே பக்கம் நின்று, ஒருத்தி விட்ட இடத்தை ஒருத்தி மூடுகிறார்கள். பாரிஸில் அவர்கள் நெஞ்சில் இருந்தது ஒரே கொடி. ஒற்றுமையைப் பற்றி நாம் கட்டுரை எழுதச் சொல்கிறோம். ஒரு மட்டையைக் கொடுத்து, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஜோடி சேர்த்துவிடுவதும் அதே பாடம்தான்.

விழா முடிந்து கிளம்பும்போது மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி, கையில் சின்னக் கிண்ணம், என் சேலையைப் பிடித்து இழுத்தாள். “டீச்சர், நான் ஓட்டத்துல முதலாவது. நீங்க எந்த எஸ்டேட்டு டீச்சர்?” என்று கேட்டாள். அவளுக்கு அந்தச் சொல்லின் கதை எதுவும் தெரியாது. சும்மா ஊர் கேட்டாள். நான் குனிந்து என் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். “எங்க தாத்தாவும் எஸ்டேட்டுதான்!” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு அம்மாவிடம் ஓடினாள். நல்ல வேகம்.

அந்த அம்மா இந்த மலரை வாசித்தால், அவருக்கு ஒரு வேண்டுகோள். அவள் ஆறாம் ஆண்டுக்கு வரும்போது யாராவது ஓர் ஆசிரியை, “ஓடி என்னா செய்யப் போறா?” என்று கேட்கக்கூடும். இந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டுங்கள்.